தீராத நோயும் தீர்க்கத்தக்க துயரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சாவைப் பற்றியும் சாகக் கிடப்போரைப் பற்றியும் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். காலையில் பரிசளிப்பு நடந்தது. விடுதி மாணவியர் பாடினர். நம் சங்கத்தின் உதவியால் படித்து உயர்ந்தோர் மேடையேறித் தம் அனுபவங்களைச் சொன்னார்கள். அந்த மகிழ்ச்சிக்கு நடுவே, தீராத நோயுற்றோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் பேணுவது குறித்து உரையாற்றுமாறு விழாக்குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். செவிலியராகவும் ஆசிரியராகவும் பணிபுரிந்து, ஓய்வுக் காலத்தில் நோயாளர் இல்லங்களுக்குச் சென்றுவரும் எங்களைக் கல்விச் சங்கம் ஒன்று அழைத்ததில் பொருத்தம் உண்டு. அப்பொருத்தம் இன்னதென்பதை முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

பள்ளியின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி திடீரென்று வராமல் நின்றுவிடுகிறாள். படிப்பில் நாட்டமில்லை என்று நாம் எழுதிவிடுகிறோம். வீட்டிற்குச் சென்று பார்த்தால், உள்ளே ஒரு பாய் விரித்திருக்கும். தாயோ, தந்தையோ, பாட்டியோ அதில் கிடப்பார். கூலிக்குப் போகிறவர் போயே ஆகவேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஆகவே நோயாளியின் அருகில் இருக்க வேண்டியவள் அந்தப் பெண்தான். பையனாக இருந்தால் மருந்துச் செலவுக்காக ஏதேனும் ஒரு கடைக்கோ செங்கற் சூளைக்கோ அனுப்பப்படுகிறான். நாம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டணமும் புத்தகமும் கொடுத்து வருகிறோம். ஆனால் கட்டணம் இல்லாமையால் நின்ற பிள்ளைகளைப் போலவே, ஒரு நோய்ப் படுக்கையால் நின்றுபோன பிள்ளைகளும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் இதுவரை எந்தத் திட்டமும் வகுக்கவில்லை.

அந்தப் படுக்கைக்கு நோயாளி எவ்வாறு வந்து சேர்கிறார்? பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியத்தால்தான். "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்." பெரிய மருத்துவமனையின் தாழ்வாரத்தில், கோப்பை மூடிக்கொண்டே சொல்லப்படும் வாக்கியம் இது. வசதி படைத்தவர்க்கும் இதைச் சொல்கிறார்கள். ஆயினும் அவர்களை உட்காரவைத்துச் சொல்கிறார்கள். நம்மவர்க்கு நின்றுகொண்டே கிடைக்கிறது. தோட்டை அடகு வைத்து, ஆட்டை விற்று, வட்டிக்கு வாங்கி, ஆறு மாதம் அலைந்த பின்பு அந்தக் குடும்பம் பெற்றுவருவது இவ்வளவே.

இந்த வாக்கியம் பொய் என்று சொல்லவே நாங்கள் வந்துள்ளோம். நோயைத் தீர்க்க இயலாது என்பது உண்மையாக இருக்கலாம். வலியைக் குறைக்கலாம். மூச்சுத் திணறலைத் தணிக்கலாம். புண்ணை ஆற்ற முடியாவிட்டாலும் அதன் நாற்றத்தை நீக்கலாம். உறக்கம் தரலாம். குடும்பத்தார் உடைந்துபோகாமல் தாங்கலாம். இவையெல்லாம் மருத்துவமே. திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கும் அங்கே ஒத்த நிலையில் வைக்கப்பட்டுள்ளன. முதல் மூன்றையும் வைத்துக் கட்டடங்கள் எழுப்பிய நம் காலம், நான்காமவரை மட்டும் சம்பளமில்லாமல், பயிற்சியில்லாமல், பள்ளிப் படிப்பைவிட்டு வந்த ஒரு சிறுமியாக விட்டுவைத்திருக்கிறது.

இந்த நான்காம் கூற்றை மீட்டெடுத்த வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறோம். ஹாஸ்பிஸ் என்னும் சொல் மேலைநாட்டில் வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைக் குறித்தது. சாகும் நிலையில் உள்ளோரைப் பேணும் இல்லங்களுக்கு அப்பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. இன்றைய பொருளில் அதை ஓர் அறிவியலாக ஆக்கியவர் இங்கிலாந்து நாட்டுச் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியராகத் தொடங்கி, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, அதன்பின் மருத்துவமும் படித்தவர். அவருடைய இல்லத்திற்கு முதல் நன்கொடை தந்தவர் செல்வர் அல்லர். போலந்திலிருந்து வந்து, இலண்டன் நகரத்து உணவகத்தில் பரிமாறும் வேலை செய்து, 1948-இல் புற்றுநோயால் மாண்ட டேவிட் டாஸ்மா என்னும் யூதர். உற்றார் உறவினர் அருகில் இல்லாத அந்த மனிதர், தம்மை வந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்த சாண்டர்ஸிடம் 500 பவுன் விட்டுச் சென்றார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1967-இல், இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. நோயாளியின் வலி உடலில் மட்டும் இருப்பதன்று, மனத்திலும் குடும்பத்திலும் கடனிலும் இருப்பது, எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. வலி வந்து துடித்த பிறகு மருந்து தருவதை மாற்றி, வலி வருமுன் மணி பார்த்துத் தருவதை அவர் வழக்கமாக்கினார். இந்தியாவில் இத்தகைய இல்லம் முதன்முதலில் 1986-இல் பம்பாயில் சாந்தி அவேதனா என்னும் பெயரில் தொடங்கப்பெற்றது.

ஆயினும் நமக்கு உகந்த பாடம் இலண்டனிலும் இல்லை, பம்பாயிலும் இல்லை. பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி நிவாரணப் பிரிவு ஒன்றைத் தொடங்கினர். நோயாளிகள் வந்தனர். ஆனால் நடக்க இயலாதவர் எத்தனை முறை பேருந்தேறி வர முடியும்? வண்டிக்கு வாடகை யார் கொடுப்பார்? மருத்துவமனைக்கு நோயாளி வருவதை விட்டு, நோயாளியின் வீட்டிற்கு ஊர் செல்ல வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 1990-களின் இறுதியிலிருந்து மலப்புறம், கோழிக்கோடு முதலிய மாவட்டங்களில் அண்டை அயலார் குழுக்கள் தோன்றின. ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர், கடைக்காரர், கல்லூரி மாணவர், இல்லத்தரசி எனப் பலரும் சில நாள் பயிற்சி பெற்று, தத்தம் பகுதி நோயாளிகளை வாரந்தோறும் சென்று பார்த்தனர். செவிலியர் அவர்களுக்குப் பின்னால் இருந்தார். மருத்துவர் செவிலியர்க்குப் பின்னால் இருந்தார். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை அறிவித்தது. இந்தியாவில் ஒரு மாநில அரசு இவ்வாறு அறிவித்தது அதுவே முதன்முறை. ஊராட்சிகளும் வீடு தேடிச் செல்லும் செவிலியரை நியமித்தன.

அங்கே நம் நெஞ்சைத் தொடுவது ஒன்று உண்டு. அக்குழுக்கள் மருந்தோடு நிற்கவில்லை. சம்பாதிப்பவர் படுத்துவிட்ட வீட்டிற்கு அரிசி கொண்டுபோய்ச் சேர்த்தன. அவ்வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றன. நோயாளியைப் பேணுவதும் பிள்ளையைப் படிக்கவைப்பதும் ஒரே வேலையின் இரண்டு கைகள் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

இனி மார்பின் என்னும் மருந்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். புற்றுநோயின் கடும் வலிக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட மருந்து இது, மாத்திரையாகவே உண்ணலாம், விலையும் மிகக் குறைவு. இதன் மூலப்பொருளாகிய அபின், மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமத்துடன் விளைகிறது. நம் மண்ணில் விளைந்தது கடல் கடந்து போயிற்று. நம் நோயாளிக்குக் கிடைக்கவில்லை. 1985-இல் இயற்றப்பட்ட போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையும், பற்பல உரிமங்களைப் பெறவேண்டிய தொல்லையும் சேர்ந்து, மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் இதைக் கைவிட்டன. 1997-இல் இந்தியா முழுமைக்கும் மருத்துவத்திற்குச் செலவான மார்பின் 18 கிலோ மட்டுமே! பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின் 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத மருந்துகளுக்கு ஒரே உரிமம் போதும் என்றாயிற்று. சட்டம் தளர்ந்துவிட்டது, மருத்துவர் பலரின் அச்சம் இன்னும் தளரவில்லை.

நம் மக்களிடமும் ஓர் அச்சம் இருக்கிறது. மார்பின் கொடுத்தால் சாவு விரைந்துவிடும் என்றும், போதைக்கு அடிமையாகிவிடுவார் என்றும் எண்ணுகிறார்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் வலிக்குத் தக்க அளவில் தொடங்கிச் சிறுகச் சிறுக உயர்த்தித் தரும்போது இது சாவை விரைவுபடுத்துவதில்லை, அடிமையாவதும் அரிது. மலச்சிக்கல் மட்டும் உறுதியாக வரும். ஆகவே அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால், வயிறு உப்பி, மாத்திரையே வேண்டாமென்று எறிந்துவிட்டு மீண்டும் வலியில் துடிப்போரை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அடுத்து, நாங்கள் கண்ட ஓர் இல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுநோயால் கன்னம் புண்ணாகித் துளைபட்ட அம்மையார் ஒருவரை, வீட்டின் பின்புறம் ஆட்டுக் கொட்டகையில் கிடத்தியிருந்தனர். அன்பில்லாத குடும்பம் அன்று. புண்ணின் நாற்றத்தைப் பொறுக்க முடியவில்லை, அவ்வளவே. அவருக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை. தட்டைச் சற்றுத் தொலைவில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இக்காட்சி நமக்குப் புதிதா? தேநீர்க் கடையில் தனிக் குவளையைப் பார்த்தவர்கள் நாம். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் நாம். வெளியே வைக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நம் வீட்டிலேயே ஒரு தாய் வெளியே வைக்கப்பட்டிருந்தார்.

அந்த நாற்றத்திற்கு மருந்து இருக்கிறது. மெட்ரோனிடசோல் என்னும் மாத்திரை, சிற்றூர் மருந்துக் கடையிலும் கிடைப்பது. அதைப் பொடித்துப் புண்ணில் தூவி, கொதித்து ஆறிய உப்பு நீரில் நாள்தோறும் கழுவித் துணி மாற்றினால் நாற்றம் சில நாள்களில் பெரிதும் அடங்கும். செவிலியர் ஒருவர் அருகிருந்து செய்து காட்ட, அந்தக் குடும்பத்தார் கற்றுக்கொண்டனர். அடுத்த வாரம் அம்மையார் திண்ணைக்கு வந்துவிட்டார். அவர் பிழைக்கவில்லை, இரண்டு மாதத்தில் இறந்துபோனார். ஆனால் திண்ணையில் இருந்து, பேரப் பிள்ளைகள் மடியருகே இருக்க இறந்துபோனார். 'ஒன்றும் செய்வதற்கில்லை' என்று அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

இத்தகைய சிறு சிறு அறிவே இங்குப் பேரறிவு. அசைய முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண்ணைப் பெருமளவு தடுக்கலாம். வந்தபின் அதை ஆற்றுவது பெரும்பாடு. மூச்சுத் திணறுபவரைச் சாய்த்து உட்காரவைத்து, முகத்துக்கு நேரே விசிறினாலே பாதி ஆறுதல். இறுதி நாள்களில் உணவு வேண்டாமென்பது உடலின் இயல்பு. உண்ணாததால் சாகவில்லை, சாகும் நிலையில் உள்ளதால் உண்ணவில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் உறவினரெல்லாம் வரிசையாகப் பாலூற்றும் வழக்கத்தில், விழுங்க இயலாத அந்தப் பால் மூச்சுக்குழாயில் இறங்குகிறது. நனைத்த பஞ்சால் உதட்டையும் நாவையும் தடவிவிடுங்கள். சடங்குக்கும் அது போதும், நோயாளிக்கும் அது இதம்.

உண்மையை மறைப்பதைப் பற்றியும் ஒரு சொல். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று மகன் எங்களை வாசலிலேயே தடுப்பார். உள்ளே சென்றால், "என் பிள்ளைகளுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லாதீர்கள்" என்பார் தாயார். ஒரே கூரையின் கீழ் இரு தரப்பும் நடித்துக்கொண்டு, பேச வேண்டியதைப் பேசாமலே நாள்கள் கழிந்துவிடும். யாருக்கு எவ்வளவு கடன், பட்டா எந்தப் பெட்டியில், கடைசிப் பெண்ணை யாரிடம் விடுவது என்பனவெல்லாம் அவரோடு புதைந்துபோகும். நோயாளி கேட்டால், கேட்கும் அளவுக்கு, மெல்லச் சொல்லுங்கள். கேளாதவர் மேல் திணிக்கவும் வேண்டாம்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறோம். உயிரோடு கிடந்தபோது ஒரு காற்றுப் படுக்கை வாங்க வழியில்லாத வீட்டில், இறந்த அன்று பந்தலுக்கும் பூப்பல்லக்குக்கும் வெடிக்கும் வட்டிக்கு வாங்கிச் செலவிடுகிறார்கள். ஊர் பார்க்கச் செய்யும் மரியாதை அது என்பது எங்களுக்குப் புரிகிறது. மரியாதை மறுக்கப்பட்டவர்க்கு அதில் ஏக்கம் இருப்பதும் புரிகிறது. ஆயினும் அந்தக் கடனை அடைக்கப் போவது படிப்பை விட்ட பையன்தான்.

இனி, நம் இளைஞர்கள் சிலர் எங்களிடம் சினத்தோடு கேட்ட கேள்வி ஒன்று. "மலமும் சீழும் துடைக்கும் வேலையைச் சாதி நம் மேல் சுமத்தியது. அதிலிருந்து வெளியேறத்தானே படிக்கிறோம்? மறுபடியும் எங்களைத் துடைக்கச் சொல்கிறீர்களா?" இக்கேள்வி நேர்மையான கேள்வி. துப்புரவுத் தொழிலைப் புனிதத் தொண்டு என்று போற்றி, அதைச் செய்வோரை அதிலேயே கட்டிப்போடும் சூழ்ச்சியை அண்ணல் அம்பேத்கர் 1945-இல் வெளிவந்த தம் நூலில் வன்மையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனம் இன்றும் பொருந்தும். நகரத்துச் செல்வர் வீடுகளில் முதியோரைப் பார்த்துக்கொள்ளக் குறைந்த கூலிக்கு நம் பெண்களை அமர்த்துகிறார்கள். பயிற்சி இல்லை, விடுப்பு இல்லை, அடுப்படிக்குள் நுழைய உரிமையும் இல்லை. அதைத் தொண்டு என்று சொல்ல நாங்கள் ஒருப்படோம்.

ஆனால் பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை வேறு. கற்றுத் தேர்ந்து, நம் வீட்டார்க்கும் நம் தெருவார்க்கும் நாமே விரும்பிச் செய்வது வேறு. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை மறந்துவிட வேண்டாம். மருத்துவம் நம்மிடம் இருந்த கல்வி. 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிய சாவித்திரிபாய் பூலே அம்மையார், 1897-இல் கொள்ளை நோய் பரவியபோது, நோயுற்ற மகர் குலச் சிறுவன் ஒருவனைத் தம் முதுகில் சுமந்து மகன் யஷ்வந்தின் மருத்துவ முகாமுக்குக் கொண்டுசென்றார். அந்நோய் தமக்கும் தொற்றி, அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் அதைச் செய்தது சாதி விதித்த கடமையாக அன்று. பள்ளி நடத்தியவரே நோயாளியையும் சுமந்தார் என்பதைக் கல்விச் சங்கத்தார் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மேலும், இந்த வேலை பெண்களுக்கே உரியது என்ற எண்ணத்தையும் நாம் விட வேண்டும். தாயைப் புரட்டிப் படுக்கவைக்க மகனுக்கும் கைகள் உண்டு.

இன்று அரசின் கதவும் ஓரளவு திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிற்கே வந்து தருவது சேர்க்கப்பட்டுள்ளது. இது நாம் கேட்டுப் பெற வேண்டிய உரிமை. எங்கள் தெருவிற்கு வரவில்லை என்று வீட்டிலிருந்து முணுமுணுப்பதால் பயனில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஆயினும், ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்றிவரும் செவிலியர் ஒரு வீட்டிற்கு மாதத்தில் எத்தனை நாள் வர முடியும்? எஞ்சிய நாள்களுக்கு நாமே பொறுப்பு. உலக அளவிலும், ஆண்டுதோறும் இத்தகைய பேணல் தேவைப்படுவோர் 5 கோடியே 68 இலட்சம் பேர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே அதைப் பெறுகின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அந்த 14-க்குள் நம் சேரிகளிலிருந்து எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கண்ணியமாக இறப்பது வாழ்வுரிமையின் பகுதியே என்று 2018 மார்ச் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செயற்கை மூச்சுக் கருவியை மறுக்கும் உரிமையைப் பற்றியது அவ்வழக்கு. நம் வீடுகளில் கருவியை அகற்றும் பேச்சே எழுவதில்லை. நமக்குரிய கண்ணியம் ஒரு மாத்திரையிலும், ஒரு சுத்தமான துணியிலும், ஒரு துணையிலும் இருக்கிறது.

ஆகவே சங்கத்தார்க்கு எங்கள் வேண்டுகோள் இது. ஏழு நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டிற்கு ஆசிரியர் ஒருவர் நேரில் செல்ல வேண்டும். அங்கே நோய்ப் படுக்கை இருந்தால் அன்றே சங்கத்திற்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளி நேரத்தில் நோயாளியின் அருகிருக்க, தெருவிலுள்ள பெரியவர்கள் முறை வைத்துக்கொண்டால் அந்தப் பெண் வகுப்பிற்கு வந்துவிடுவாள். சங்கக் கட்டடத்தின் பின்னறையில் காற்றுப் படுக்கை இரண்டு, சக்கர நாற்காலி ஒன்று, கையுறை, பஞ்சு, துணி ஆகியன இருக்கட்டும். வேண்டுவோர் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, வேலை முடிந்ததும் கழுவித் திருப்பித் தரட்டும். உதவித்தொகையில் ஆண்டுக்கு ஒன்றையேனும் செவிலியர் பட்டப் படிப்புக்கென ஒதுக்க வேண்டும். இல்லப் பேணலில் பயிற்சி அளிக்க நாங்கள் அணியமாக உள்ளோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே மண்டபத்தில் நடத்தலாம். பதினெட்டு வயது நிறைந்த ஆண்களும் பெண்களும் வரலாம். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

பெயர் கொடுக்க விரும்புவோர்க்காக வாயிலருகே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் படுத்துக் கிடப்போர் யாரேனும் இருந்தால், அவர்தம் வீட்டையும் அதிலேயே குறித்துச் செல்லுங்கள். இன்று மாலையே இரண்டு வீடுகளுக்கு நாங்கள் செல்ல இருப்பதால், விரைவில் விடைபெறுகிறோம்.